முன்யோசனையின்மை: பொருளும் வழக்கும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெய்ப்புத் திருத்துவது என் தொழில். எழுதுகிறவர்கள், மொழிபெயர்க்கிறவர்கள், பள்ளிக் கட்டுரைக்குப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டும் பெற்றோர்கள் என்று பலரும் சொல் கேட்டு அழைப்பார்கள். "பின்னால் வரப்போவதை யோசிக்காமல் செய்வதற்கு ஒரே சொல் என்ன?" என்ற கேள்வி அதில் திரும்பத் திரும்ப வரும். ஒரு சொல்லைச் சொன்னதும் அதிலிருந்தே அடுத்த கேள்வி முளைக்கும். அப்படி வந்தவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

முன்யோசனையின்மை என்றால் சரியாக என்ன?

ஒரு காரியத்தில் இறங்கும் முன்பு, அதனால் பிற்பாடு என்ன நேரும் என்று எண்ணிப் பார்க்காமல் விடுவது. யோசிக்கவே தெரியாதவர் என்று இதற்கு அர்த்தமில்லை. நன்றாக யோசிக்கிறவரும் ஒரு விஷயத்தில் முன்யோசனை இல்லாமல் நடந்துகொள்ளலாம்.

எங்கள் வீட்டையே சொல்கிறேன். அண்ணன் மாடி கட்டியபோது சிமெண்ட், கம்பி, மணல் என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து வாங்கினார். கொத்தனார் கலவையைக் குழைக்கும்போது பக்கத்திலேயே நின்றார். வீடு முடிந்து பால் காய்ச்சிய மறுநாள், அம்மாவின் தேக்கு பீரோவை மேலே ஏற்ற நாலு பேர் தூக்கினார்கள். படிக்கட்டின் திருப்பத்தில் வந்து சிக்கிக்கொண்டது. சாய்த்தார்கள், நிமிர்த்தினார்கள், கதவைக் கழற்றினார்கள். சுவரில் புதுப் பெயின்ட் உரிந்ததுதான் மிச்சம். "ஏன்டா, பீரோவை ஒருதரம் அளந்து பாத்திருக்கக் கூடாதா?" என்று அம்மா கேட்டார். அந்தக் கேள்விதான் இந்தச் சொல்லின் முழுப் பொருள். அண்ணனிடம் அக்கறை குறையவில்லை, உழைப்பும் குறையவில்லை. அளக்க வேண்டிய நேரத்தில் பீரோ நினைவுக்கு வரவில்லை.

'முன்' என்றால் எதிரே இருப்பதா, கடந்து போனதா?

இரண்டும்தான். குழப்பம் தொடங்கும் இடமும் இதுதான். "முன்னால் நிற்கிறான்" என்றால் இடம். "முன்னால் இங்கே ஒரு குளம் இருந்தது" என்றால் காலம், அதுவும் கடந்த காலம். முன்னோர் நமக்கு முந்திப் போனவர்கள், பின்னோர் இனி வரப்போகிறவர்கள். பின்விளைவு, பிற்பாடு, பிற்காலம் என்று வரப்போவதை எல்லாம் தமிழ் 'பின்' என்றே சொல்கிறது. ஆகவே முன்யோசனையில் உள்ள 'முன்', எதிர்காலத்தைக் குறிக்கவில்லை. காரியத்துக்கு முந்திய யோசனை என்பதே பொருள். முன்யோசனையால் நாம் யோசிப்பது பின்விளைவை. "முன்பின் யோசிக்காமல்" என்ற தொடருக்கு இத்தனை பொருத்தம் இருப்பது அதனால்தான்.

ஆனால் நம் இலக்கணம் எதிர்காலத்துக்கு வேறொரு படத்தையும் வைத்திருக்கிறது. இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம். எதிர் என்றால் நம்மை நோக்கி முகத்துக்கு நேரே வருவது. தெருவில் எதிரே வரும் வண்டியைப் போல நாளையும் வந்துகொண்டிருக்கிறது. வருவது தெரிந்தால் ஒதுங்கலாம், நிறுத்தலாம், தயாராகலாம். நாம் எதிர்காலத்துக்குள் நடந்து போவதாகத் தமிழ் பார்க்கவில்லை, அது நம்மிடம் வருவதாகப் பார்க்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே குறளுக்குப் போகும்போது உதவும்.

சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா? 'முற்யோசனை' என்று வருமா?

சேர்த்து எழுதுங்கள்: முன்யோசனை, முன்யோசனையின்மை, முன்யோசனையற்ற முடிவு, முன்யோசனையின்றி. முற்பகல், முற்காலம் என்று ன் ற் ஆவது வல்லின எழுத்து பின்னால் வரும்போது. ய இடையினம், ஆகவே 'முற்யோசனை' வராது. எச்சரிக்கை உயிரெழுத்தில் தொடங்குவதால் ன் இரட்டித்து முன்னெச்சரிக்கை ஆகும்.

யோசனை வடசொல் ஆயிற்றே, நல்ல தமிழில் என்ன சொல்லலாம்?

முன்னறிவின்மை, முன்சிந்தனையின்மை என்று ஆக்கிக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் இந்தக் கேள்வி கேட்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, சொல்லுக்குச் சொல் மாற்றாதீர்கள் என்பதே. பழந்தமிழ் இந்தக் குறையை எந்த வினையால் சொன்னது என்று பாருங்கள். திருக்குறளில் மூன்று வெவ்வேறு அதிகாரங்களில் இது வருகிறது.

அறிவுடைமை அதிகாரத்தில், 429:
எதிரதாக் காக்கும் அறிவினார்க்கு இல்லை
அதிர வருவதோர் நோய்.

குற்றங்கடிதல் அதிகாரத்தில், 435:
வருமுன்னர்க் காவாதான் வாழ்க்கை எரிமுன்னர்
வைத்தூறு போலக் கெடும்.

பொச்சாவாமை அதிகாரத்தில், 535:
முன்னுறக் காவாது இழுக்கியான் தன்பிழை
பின்னூறு இரங்கி விடும்.

காக்கும், காவாதான், காவாது. மூன்று இடத்திலும் வினை 'காத்தல்'. யோசிக்காதவன் என்றோ, தூரத்தைப் பார்க்காதவன் என்றோ வள்ளுவர் இங்கே சொல்லவில்லை. காவாதவன் என்கிறார். யோசித்துவிட்டுச் சும்மா இருப்பவரும் இதில் அடங்கிவிடுவார். மழை வரும் என்று தெரிந்தும் கூரையைப் பிரித்து மேயாதவர் யோசித்தவர்தான், ஆனால் காவாதவர். எதிரே வருவதைத் தடுத்து நிறுத்த ஒரு கை நீண்டதா இல்லையா என்பதே பழந்தமிழின் கேள்வி. நாம் இன்று புழங்கும் யோசனை, நோக்கு, பார்வை எல்லாம் தலைக்குள்ளும் கண்ணிலும் நின்றுவிடுகின்றன. அந்தப் பழைய சொல் கைவரை வருகிறது. எனக்கு இது பெரிய வித்தியாசமாகத் தெரிகிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். 435இல் 'முன்னர்' இரண்டு முறை வருகிறது. வருமுன்னர் என்பதில் காலம், எரிமுன்னர் என்பதில் இடம். மேலே சொன்ன இரண்டு 'முன்'னும் ஒரே குறளில். 535இல் முன்னுறக் காவாதவன் பின் வருந்துகிறான்: முன்னும் பின்னும் எதிரெதிரே.

வைத்தூறு என்பதைப் பலர் படித்துவிட்டுக் கடந்து போகிறார்கள். வை என்றால் வைக்கோல், தூறு அதன் குவியல், அதாவது வைக்கோற்போர். சின்ன வயதில் எங்கள் ஊர்க் களத்தில் ஒரு போர் பற்றி எரிந்ததைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் யாரோ நெல் அவிக்க மூட்டிய அடுப்பிலிருந்து பொறி பறந்தது. குடம் குடமாக ஊற்றினார்கள். மேலே அணைந்தது, உள்ளே புகைந்துகொண்டே இருந்தது. கடைசியில் கவைக்கம்பு போட்டுப் போரையே பிரித்துச் சிதறவிட்ட பிறகுதான் அடங்கியது. மிஞ்சிய வைக்கோலில் புகை நாற்றம், மாடு முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பற்றிய பிறகு செய்த எந்த வேலையும் போரைக் காப்பாற்றவில்லை. பொறி வருமுன் செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான், அடுப்பைப் பத்தடி தள்ளி மூட்டுவது. இந்தக் குறளுக்கு எத்தனையோ உரை படித்தேன், அந்த மாடு முகத்தைத் திருப்பியதுதான் இன்றும் எனக்கு உரை.

எனவே நல்ல தமிழில் வேண்டுமென்றால் 'வருமுன் காவாமை' என்று எழுதுங்கள். வழக்கொழிந்த சொல் இல்லை. 2021இல் தமிழ்நாடு அரசு மறுபடியும் தொடங்கிய மருத்துவ முகாம் திட்டத்துக்கு 'கலைஞரின் வருமுன் காப்போம்' என்றுதான் பெயர். பஞ்சதந்திரத்தின் மூன்று மீன் கதையைத் தமிழில் சொல்லும்போதும், வலை வருமுன்பே குளத்தை விட்டுப் போன மீனை 'வருமுன் காப்போன்' என்கிறோம்.

காரியத்துக்கு முன் எண்ணுவதை வள்ளுவர் விட்டுவிடவும் இல்லை. "எண்ணித் துணிக கருமம் துணிந்தபின் எண்ணுவம் என்பது இழுக்கு" (467) என்று அதற்குத் தனியே சொல்லியிருக்கிறார். எண்ணுவது ஒன்று, காப்பது இன்னொன்று. இரண்டும் வேண்டும்.

தொலைநோக்கு இல்லை, தீர்க்கதரிசனம் இல்லை என்பதும் இதுவேதானா?

அளவு வேறு. பீரோ படியில் சிக்கியதற்குத் தொலைநோக்கு இல்லை என்று சொன்னால் பொருந்தாது. முன்யோசனை வீட்டுக்கும் சொந்தம், நாட்டுக்கும் சொந்தம். தொலைநோக்கு பெரிய காரியத்துக்கு: அரசு, நிறுவனம், பத்து இருபது வருடக் கணக்கு. 2012இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட ஆவணத்துக்கு 'தொலைநோக்குத் திட்டம் 2023' என்று பெயரிட்டது சரியான சொல்லாட்சி. "தொலைநோக்குப் பார்வை" என்று எழுதுவதை மட்டும் தவிர்க்கலாம். நோக்கும் பார்வையும் ஒன்றே. ஒருநாளில் ஐந்தாறு தடவையாவது அந்தப் 'பார்வை'யை அடித்துத் தள்ளுகிறேன்.

தீர்க்கதரிசனம் என்றால் நெடுந்தூரம் காண்பது. தமிழ் விவிலியத்தில் இறைவாக்கு உரைப்பவருக்குத் தீர்க்கதரிசி என்ற பெயர் ஊன்றிவிட்டதால், அதில் வருவதை அருளால் அறிந்து சொல்லும் சாயல் ஏறியிருக்கிறது. ஒருவரை மிக உயர்த்திச் சொல்லும்போது பயன்படுத்துங்கள். ஒருவருக்குத் தீர்க்கதரிசனம் இல்லை என்று குறை சொன்னால் அது குறையாகவே கேட்காது, நம்மில் யாருக்குத்தான் அது இருக்கிறது?

'கிட்டப்பார்வை கொண்ட முடிவு' என்று எழுதலாமா?

நான் விடமாட்டேன். கிட்டப்பார்வை பள்ளிப் பாடத்திலேயே வரும் கண் குறைபாடு: பக்கத்தில் இருப்பது தெரியும், தூரத்தில் இருப்பது மங்கும். உவமையாகப் பொருந்துவது போலத் தோன்றும். ஆனால் அதற்கு எதிர்ச்சொல்லாகத் 'தூரப்பார்வை' என்று எழுதப் போனால் அதுவும் கண் குறைபாட்டின் பெயர். பாராட்டப் போய் ஒருவருக்குக் கண்ணாடி மாட்டிவிட்ட கதை ஆகிவிடும். தமிழ் பேசுகிறவர் யாரும் ஒரு திட்டத்தைப் பார்த்துக் "கிட்டப்பார்வைத் திட்டம்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. "இன்றைக்கு மட்டும் பார்த்துச் செய்தது" என்பார்கள். அதையே எழுதலாம். குறுகிய நோக்கு என்பதிலும் கவனம் தேவை. "குறுகிய மனம்" என்ற தொடர் பக்கத்திலேயே இருப்பதால், யோசிக்காததைச் சொல்ல வந்து அற்பத்தனத்தைச் சொன்னதுபோல ஆகிவிடும்.

அலட்சியம், அஜாக்கிரதை, அவசரபுத்தி: இவற்றோடு எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

ஒரே கேள்வி போதும்: அவருக்குத் தெரியுமா?

தெரியவில்லை, தெரிந்துகொள்ள முயலவும் இல்லை என்றால் முன்யோசனையின்மை. தெரிந்தும் பொருட்படுத்தவில்லை என்றால் அலட்சியம். செய்துகொண்டிருக்கும்போதே கவனம் தவறினால் அஜாக்கிரதை. விபத்து வழக்குகளில் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" வண்டி ஓட்டியதாக எழுதுவது இந்தப் பொருளில்தான். யோசிக்க நேரம் இருந்தும் பொறுமை இல்லாமல் பாய்ந்தால் அவசரபுத்தி.

இந்தப் பாகுபாடு ஏதோ நுணுக்கத்துக்காகச் சொல்வது இல்லை. யார்மீது எவ்வளவு பொறுப்பு என்பதை இந்தச் சொற்கள்தான் முடிவு செய்கின்றன. சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி பல பத்தாண்டுகளில் குப்பைமேடாகவும் சாலையாகவும் கட்டடமாகவும் மாறியது. தொடக்கத்தில் அங்கே மண் கொட்டியவர்கள் அதைப் பயனில்லாத கழுவெளி என்று நினைத்திருக்கலாம். மழைநீர் எங்கே போய் நிற்கும் என்று கேட்காதது முன்யோசனையின்மை. 2015 டிசம்பரில் நகரம் மூழ்கியது, அடையாற்றின் கரையில் வீடுகளில் முதல் மாடிவரை தண்ணீர் ஏறியது. நாலே வருடத்தில், 2019 கோடையில், புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது. வெள்ளத்தையும் வறட்சியையும் ஒரே ஊர் பார்த்துவிட்டது. அதற்குப் பிறகும் நீர்நிலையைத் தூர்த்துக் கட்டுவதற்கு "முன்யோசனை இல்லாமல் செய்துவிட்டார்கள்" என்று ஒரு கட்டுரையாளர் எழுதினால், நான் ஓரத்தில் குறிப்பு எழுதி அனுப்புகிறேன்: இங்கே சரியான சொல் அலட்சியம். மென்மையான சொல்லைப் போட்டு ஒரு பெரிய தவற்றைச் சின்னதாக்கிவிடக் கூடாது.

பேச்சில் யாரும் 'முன்யோசனையின்மை' என்று சொல்வதில்லையே?

சொல்வதில்லை. அது எழுத்துச் சொல். பேச்சில் "முன்ன பின்ன யோசிக்காம", "எடுத்தேன் கவுத்தேன்னு" என்பார்கள். இந்தக் குணமுள்ளவர் தன் வாயால் சொல்வது "அதெல்லாம் அப்ப பாத்துக்கலாம்." கதையில் ஒரு பாத்திரத்தைக் காட்ட இந்த ஒரு வாக்கியம் போதும், விளக்கமே வேண்டாம்.

பழமொழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது "தும்பை விட்டு வாலைப் பிடிப்பது." தும்பு என்றால் மாட்டைக் கட்டும் கயிறு. கயிறு கையில் இருந்தபோது விட்டுவிட்டு, மாடு ஓடத் தொடங்கியதும் வாலைப் பிடித்தால் என்ன ஆகும்? மாடும் நிற்காது, உதையும் விழும். "குதிரை ஓடிய பின் லாயத்தைப் பூட்டுவது" என்று மொழிபெயர்ப்பில் அடிக்கடி வருகிறது, அங்கெல்லாம் தும்பும் வாலும் அப்படியே பொருந்தும். காலம் கடந்த வருத்தத்துக்குக் "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்." தெரியாத காரியத்தில் இறங்குவதற்கு "ஆழம் தெரியாமல் காலை விடுவது." கடைசிக் கையிருப்பையும் அழிப்பதற்கு "விதைநெல்லைக் குத்தித் தின்பது."

விதைநெல்லைச் சமைப்பது எப்போதும் முன்யோசனையின்மைதானா?

நல்ல கேள்வி, ஒரு மாணவி கேட்டது. விதைக்கோட்டையைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பழமொழியின் கனம் தெரியும். நன்றாகக் காய்ந்த நெல்லை வைக்கோலுக்குள் வைத்துப் பிரி சுற்றி உருண்டையாக இறுக்கிக் கட்டி, மேலே சாணம் மெழுகி, அடுத்த விதைப்புவரை தொடமாட்டார்கள். வீட்டில் அரிசி தீர்ந்தாலும் அதில் கை வைக்கக் கூடாது. வருமுன் காத்தல் என்பதற்கு இதைவிட நேரான உருவம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அதே விதையை எடுத்துச் சமைத்தவரை நம் இலக்கியம் கொண்டாடியும் இருக்கிறது. பெரியபுராணத்தில் இளையான்குடி மாற நாயனார், மழை இரவில் வந்த அடியாருக்குச் சோறிட வேறு வழியில்லாமல், அன்று பகலில் வயலில் விதைத்த நெல்முளையை இருட்டில் போய் வாரிக்கொண்டு வருகிறார். அவர் மனைவி அதைக் கழுவி, வறுத்துக் குத்தி, சோறாக்குகிறார். புறநானூற்றின் 333ஆம் பாட்டிலும் விருந்துக்காக விதைத்தினை உரலுக்குப் போகிறது. இவர்களை யாரும் முன்யோசனை இல்லாதவர்கள் என்று சொன்னதில்லை. என்ன இழக்கிறோம் என்று தெரிந்தே கொடுத்தார்கள். நாளை தெரியாமல் அழிப்பதற்கும், நாளையைத் தெரிந்தே இன்னொருவர் பசிக்குக் கொடுப்பதற்கும் நடுவே இந்தச் சொல்லின் எல்லை ஓடுகிறது.

"பெண்புத்தி பின்புத்தி" என்பது இந்தப் பொருளில்தானா?

முன்யோசனை இல்லாதவர்கள் என்று பெண்களை மட்டம் தட்டவே அது புழங்கியது. "பின்னால் வருவதை அறியும் புத்தி" என்று இப்போது நல்ல அர்த்தம் சொல்கிறார்கள். சொல்கிறவர்களின் நோக்கம் நல்லது, ஆனால் அந்தப் பழமொழி காயப்படுத்திய வீடுகளில் அப்படி யாரும் சொல்லவில்லை. நான் அதை எங்கேயும் பயன்படுத்துவதில்லை.

நடைமுறையும் அதற்கு நேர் எதிர். சித்திரை வெயிலில் வடகமும் வற்றலும் போட்டு ஐப்பசி மழைக்கு எடுத்து வைத்தது யார்? சிறுவாடு என்ற சொல்லைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து, கடுகு டப்பாவிலும் உளுந்துப் பானையிலும் யாருக்கும் தெரியாமல் பெண்கள் சேர்த்த பணம். எங்கள் அப்பாயியின் சிறுவாடு மஞ்சள் துணியில் முடிந்து பருப்புப் பானையின் அடியில் கிடக்கும். எடுக்கும்போது நோட்டெல்லாம் துவரை வாசம் அடிக்கும். அப்பாவின் கல்லூரிக்கு முதல் வருடக் கட்டணம் அதிலிருந்துதான் போனது.

இலங்கைத் தமிழில் எப்படி?

'முன்பின் யோசியாமல்' என்ற வடிவம் அங்கே இயல்பாகக் காதில் விழும். ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும்: யாழ்ப்பாணத்தார் "ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ" என்றால் 'எதற்கும் கவலைப்படாதீர்கள்' என்று ஆறுதல் சொல்கிறார்கள். யோசனை அங்கே கவலையும்தான். முன்யோசனை இல்லாமல் இருக்கச் சொல்வதாக எடுத்துக்கொண்டு ஒரு தமிழ்நாட்டு வாசகர் என்னிடம் கேட்டிருக்கிறார்.

பெரியவர் ஒருவரிடம் இதை எப்படிச் சொல்வது?

"உங்களுக்கு முன்யோசனை இல்லை" என்று முகத்துக்கு நேரே சொன்னால் அது குணத்தின் மேல் விழும் தீர்ப்பு. ஆளை விட்டு, காரியத்தைச் சொல்லுங்கள்: "அதையும் கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்ங்க மாமா", "முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்." எழுத்திலும் அப்படியே. 'முன்யோசனையற்றவர்' என்பதைவிட 'முன்யோசனையற்ற முடிவு' நியாயமானது.

வாக்கியங்களில் அமைத்துக் காட்ட முடியுமா?

வடிகால் அமைக்காமல் சாலையை உயர்த்தியது முன்யோசனையின்மை, தெருவில் உள்ள வீடெல்லாம் இப்போது பள்ளத்தில்.
ஆழ்துளைக் கிணறு போட்டவர்கள் மழைநீர் இறங்க வழி செய்யாதது வருமுன் காவாமை.
முன்பின் யோசிக்காமல் வேலையை விட்டுவிட்டான், மூன்றாம் மாதம் வாடகைக்குத் தடுமாறினான்.
அளந்து பார்க்காமல் கட்டிய படிக்கட்டால் அம்மாவின் பீரோ இன்றும் கீழ் வீட்டுக் கூடத்திலேயே நிற்கிறது, மாடியில் இருக்கிறவர்கள் புடவை எடுக்கக் கீழே இறங்கி வருகிறார்கள்.